ஏற்காடு மலை ஏறும் அம்பாசடருக்கு வீட்டிலேயே டேப்பட் செட்டிங்: முழுமையான வழிகாட்டி

சேலத்தில் கோரிமேட்டைத் தாண்டி அடிவாரத்தைக் கடந்ததும் ஏற்காட்டுப் பாதை 20 கொண்டை ஊசி வளைவுகளாக மேலே ஏறுகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரிலிருந்து 1,500 மீட்டர் உயரத்துக்கு ஒரே மூச்சில் ஏறும் பழைய அம்பாசடர், வழியின் பெரும்பகுதியை இரண்டாவது கியரில், ஆக்சிலரேட்டர் பாதிக்கு மேல் அழுந்திய நிலையிலேயே கடக்கிறது. அந்த உழைப்பில் எஞ்சினுக்குள் மிக அதிகமாகச் சூடேறும் அசையும் பாகம், எரிந்த வாயுவை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு. அது பிழைப்பதும் கருகுவதும், ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே நாம் விடுகிற ஒரு நூலளவு இடைவெளியைப் பொறுத்தது. அந்த இடைவெளியை அளந்து சரிசெய்வதைத்தான் டேப்பட் செட்டிங் என்கிறோம். அதை வீட்டு வாசலிலேயே செய்வது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் கொண்ட அம்பாசடரை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். உத்தர்பாடா தொழிற்சாலையில் 2014-இல் உற்பத்தி நின்றுபோன இந்த வண்டியின் பழைய பெட்ரோல் எஞ்சின், இங்கிலாந்தின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-வரிசை எஞ்சினின் வழிவந்தது. மேடுகள் கொண்ட தண்டான கேம் ஷாப்ட் எஞ்சின் பிளாக்குக்குள் கீழே சுழல, டேப்பட்டும் புஷ் ராடும் அந்த அசைவை மேலே கொண்டுவந்து ராக்கரிடம் கொடுக்கின்றன. ராக்கரின் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. எல்லா உறுப்புகளும் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதால், இந்த வேலையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எஞ்சின் கிடையாது என்பது என் கருத்து.

இடைவெளி எதற்கு என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எஞ்சின் சூடாகும்போது வால்வுத் தண்டு நீள்கிறது. குளிர்ந்த நிலையில் இடைவெளியே விடாமல் பூட்டிவிட்டால், சூடான பின் நீண்ட தண்டு ராக்கரில் முட்டி நின்று, வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை இருக்கையோடு ஒட்டி அமரும் நேரத்தில்தான் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கும், அதன் வழியாகத் தண்ணீருக்கும் கடத்துகிறது. அமர முடியாத வால்வு சூட்டை இறக்கி வைக்க இடமில்லாமல் விளிம்பில் கருகி, எரியும் வாயு அந்த ஓட்டை வழியாகவே பீறிட்டு, நாளடைவில் அந்தச் சிலிண்டர் செத்துவிடும்.

இடைவெளி கூடினால் என்ன ஆகும்? டிக்டிக் என்று சத்தம் வரும், வால்வு திறக்கும் அளவு கொஞ்சம் குறையும், ராக்கர் நுனியும் தண்டின் தலையும் அடிபட்டுத் தேயும். இவையெல்லாம் கெடுதல்கள்தான். ஆனால் சத்தம் போடும் டேப்பட் தன் குறையை வாய்விட்டுச் சொல்கிறது. இறுகிய டேப்பட் ஒன்றும் சொல்லாமலே வால்வைக் கருக்குகிறது. "எஞ்சின் சத்தமே இல்லாமல் பஞ்சு மாதிரி ஓடுகிறது" என்று யாராவது பழைய அம்பாசடரைப் பற்றிச் சொன்னால், ராக்கர்களை மூடியிருக்கும் டேப்பட் கவரைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம் அதுதான்.

இதை நான் நஷ்டப்பட்டுக் கற்றேன். அப்பா காலத்து வண்டியை ஒரு பட்டறையில் விட்டபோது, ஓடும் எஞ்சினில் காதால் கேட்டே சத்தம் அடங்கும் வரை திருகி முடுக்கிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் வண்டி அமைதியாக ஓடியது, எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு ஒரு நாள் குடும்பத்தோடு ஏற்காடு ஏறும்போது பாதி மலையில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் எஞ்சின் திணறும் மிஸ்ஸிங் ஆரம்பித்தது. மேலே போய்ச் சேரவே முடியவில்லை, திரும்பி இறங்கினோம். ஹெட்டைக் கழற்றியபோது மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு ஓரத்தில் கடித்த முறுக்கைப் போல் இருந்தது. அன்று முதல் இந்த வேலையை வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை.

ஈயத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல்தான் விற்கப்படுகிறது. காற்றுக்கும் குழந்தைகளின் உடலுக்கும் அது பெரிய நன்மை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில், கடினமான வளையம் பதிக்காத இருக்கைகளுக்கு அந்த ஈயப் படிவம் ஒரு மெத்தையாக இருந்தது. அது இல்லாத நிலையில், சூடான எக்ஸாஸ்ட் வால்வு இருக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து ஹெட்டுக்குள் ஏறுகிறது. வால்வு ஏற ஏற, தண்டின் தலை ராக்கரை நெருங்குகிறது, இடைவெளி தானாகவே குறைகிறது. மற்றத் தேய்மானங்களெல்லாம் இடைவெளியைக் கூட்டும், இது ஒன்று மட்டும் குறைக்கும். ஆகவே இருக்கை மாற்றாத ஹெட்டோடு மலை ஏறுபவர்கள், சத்தம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிக்கு 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், அடிக்கடி மலை ஏறும் வண்டிக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறையும் அளந்து பார்ப்பது என் வழக்கம்.

தேவையான கருவிகள்

கருவிகள் அதிகம் வேண்டாம். ராக்கரில் இடைவெளியை மாற்றும் திருகைப் பூட்டி வைக்கும் லாக் நட்டுக்கு ஏற்ற அங்குல அளவு ரிங் ஸ்பேனர் ஒன்று வேண்டும், என் வண்டியில் அது அரை அங்குலம். மில்லிமீட்டர் ஸ்பேனரை ஒப்பேற்றினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். நுனி தேயாத தட்டை ஸ்குரூ டிரைவர், பிளக் ஸ்பேனர், புதிய கார்க் பேக்கிங், மண்ணெண்ணெய், பிரஷ், பனியன் வேஸ்ட், ஒரு நோட்டு, ஒரு பேனா ஆகியவற்றையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளவும்.

முக்கியமான கருவி ஃபீலர் கேஜ், அதாவது தடிமன் அளவு பொறித்த மெல்லிய தகடுகளின் கட்டு. இந்த எஞ்சினுக்கு, குளிர்ந்த நிலையில், பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு, எக்ஸாஸ்ட் வால்வு இரண்டுக்கும் 0.38 மில்லிமீட்டர், அதாவது மெக்கானிக்குகள் சொல்லும் 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி வைக்கப்படுகிறது. உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் கையேட்டின் சொல்லே இறுதியானது. பின்னாளில் வந்த 1,800 சி.சி. இசுசு எஞ்சினுக்கோ டீசல் எஞ்சினுக்கோ இந்த அளவும், கீழே சொல்லும் வரிசையும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் கேஜ் கட்டுகளில் பல நேரம் 0.35-உம் 0.40-உம் இருக்கும், 0.38 இருக்காது. அப்போது 0.35 தகடு தாராளமாக நுழைய வேண்டும், 0.40 தகடு நுழையக் கூடாது என்று வைத்துக்கொண்டால் போதும். இரண்டு மெல்லிய தகடுகளைச் சேர்த்துப் பிடித்தும் அளக்கலாம், ஆனால் நடுவே எண்ணெய்ப் படலம் புகுந்து அளவை மாற்றிவிடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு.

எஞ்சினைத் தயார் செய்தல்

எஞ்சின் முழுமையாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டி மாலையில் கூடக் குளிராது. முதல் நாள் இரவே நிழலில் நிறுத்திவிட்டு, விடியற்காலையில் ஆரம்பிப்பதே சரியான வழி. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எர்த் ஒயரையும் கழற்றிவிடவும். எஞ்சினைக் கையால் சுற்றப் போகிறோம் என்பதால் இதில் எதையும் விட்டுவிடக் கூடாது.

அடுத்தது பிளக்குகளைக் கழற்றுவது. கம்ப்ரஷன் இல்லாவிட்டால் எஞ்சின் ஒரு கையில் சுழலும், நினைத்த இடத்தில் நிற்கும். பிளக் ஒயர்களைப் பிடுங்கும் முன் ஒவ்வொன்றிலும் துணி நாடாவை ஒட்டி 1 முதல் 4 வரை எண் போடவும். இந்த எஞ்சின் எரியும் வரிசை 1-3-4-2. பிளக்கைச் சுற்றி இருக்கும் மண்ணையும் தூசியையும் சைக்கிள் பம்பால் ஊதிய பிறகே கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது நேரே சிலிண்டருக்குள் விழும்.

பிறகு டேப்பட் கவர். கவரோடு இணைந்த பிரீதர் குழாயை விலக்கி, மேலே உள்ள இரண்டு நட்டுகளைக் கழற்றி, அவற்றின் கிண்ண வாஷர்களையும் ரப்பர் புஷ்களையும் ஒரு தட்டில் அதே வரிசையில் வைக்கவும். கவர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் உள்ளங்கையால் பக்கவாட்டில் தட்டினால் விட்டுக்கொடுக்கும். ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பினால் தகரம் வளைந்து, பிறகு எந்தப் பேக்கிங் போட்டாலும் எண்ணெய் கசியும். ராக்கர் ஷாப்டைத் தாங்கும் பீடங்களின் மேல் தெரியும் பெரிய நட்டுகளில் கை வைக்க வேண்டாம். அவற்றில் சில ஹெட்டையே பிளாக்கோடு பிணைக்கும் நட்டுகள். அவற்றைத் தளர்த்தினால் ஹெட் கேஸ்கெட் விட்டுப்போகலாம்.

வரிசை: ஒன்பது கணக்கு

ரேடியேட்டர் பக்கத்திலிருந்து பின்னோக்கி வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணவும். 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட் வால்வுகள். 2, 3, 6, 7 இன்டேக் வால்வுகள். ஒரு வால்வை அளக்க வேண்டுமானால், அதன் டேப்பட் கேமின் மேட்டில் அல்லாமல் வட்டமான அடிப்பகுதியில் இருக்க வேண்டும். அந்த நிலையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய கணக்கு உண்டு. முழுமையாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை 9-இலிருந்து கழித்தால் கிடைக்கும் எண்ணுள்ள வால்வைச் சரிசெய்யலாம். 8 திறந்திருந்தால் 1-ஐயும், 6 திறந்திருந்தால் 3-ஐயும் பார்க்க வேண்டும்.

இது ஏன் சரியாக வருகிறது என்றால், முதல் சிலிண்டரும் நான்காவதும் கிராங்க் ஷாப்டின் ஒரு முழுச் சுற்று இடைவெளியில் ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. கிராங்கின் ஒரு சுற்று கேமுக்கு அரைச் சுற்று என்பதால், ஒன்றின் கேம் மேடு உச்சியில் டேப்பட்டைத் தூக்கி நிற்கும்போது அதன் இணையின் மேடு நேர் எதிர்ப்புறம் திரும்பி நிற்கிறது. அதைவிட நல்ல அளவிடும் நிலை இல்லை.

ஸ்டார்ட்டிங் ஹேண்டில் உள்ள வண்டியில் அதை முன்னால் செருகி, கட்டை விரலையும் மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொண்டு, வலஞ்சுழியாக மெதுவாகச் சுற்றவும். ஹேண்டில் வசதி இல்லாத வண்டியில், கற்களை எடுத்து, ஹேண்ட் பிரேக்கையும் விடுவித்து, டாப் கியரில் போட்டு, சமதளத்தில் ஓர் ஆள் வண்டியை முன்னோக்கி அங்குலம் அங்குலமாகத் தள்ள, நீங்கள் பக்கவாட்டில் நின்று வால்வுகளைப் பார்க்கலாம். தள்ளுவதை நிறுத்திய ஒவ்வொரு முறையும் ஹேண்ட் பிரேக்கைப் போட்ட பிறகே எஞ்சின் மேல் குனிய வேண்டும். சரிவான வாசல் உள்ளவர்கள் இந்த முறையை முயலவே கூடாது.

8-ஆவது வால்வு முழுமையாக அழுந்தி நிற்கும் இடத்திலிருந்து தொடங்கினால், திறக்கும் வரிசை 8, 6, 4, 7, 1, 3, 5, 2 என்று வரும். அதற்கேற்பச் சரிசெய்யும் வரிசை 1, 3, 5, 2, 8, 6, 4, 7. கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் எட்டும் முடிந்துவிடும். 8 திறந்த பிறகு 6 திறக்கக் கொஞ்சம் சுற்றினாலே போதும், அடுத்து 4 வர நெடுந்தூரம் சுற்ற வேண்டும், பிறகு 7 உடனே வந்துவிடும். முதல் முறை செய்பவர்கள் இந்த நெருக்கமான இணைகளில்தான் ஒன்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முழுமையாகத் திறந்த நிலையைக் கண்டறிய, ராக்கர் இறங்கி நின்று மீண்டும் எழத் தொடங்கும் இடத்தைப் பார்த்து, அதற்குச் சற்று முன்னதாக நிறுத்தக் கையைப் பழக்கவும். ஓரிரு டிகிரி முன்பின் ஆனாலும் கெடுதல் இல்லை.

முதல் சுற்றில் எதையும் திருகாமல் எட்டு வால்வுகளின் இடைவெளியையும் அளந்து, தேதியோடும் கிலோமீட்டரோடும் நோட்டில் எழுதவும். பலரும் தவிர்க்கும் படி இது. ஆனால் ஹெட்டின் உடல்நிலையைச் சொல்வது இந்த எண்கள்தான். ஓர் எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் இருக்கை அரிபடுகிறது என்று பொருள். அது தொடர்ந்தால் ஹெட்டை இறக்கிக் கடினமான இருக்கை வளையம் பதிக்கும் நாளைத் தள்ளிப்போடக் கூடாது. ஒரே ஒரு வால்வின் இடைவெளி மட்டும் திடீரென்று கூடியிருந்தால், புஷ் ராடு வளைந்திருக்கலாம், லாக் நட் தளர்ந்திருக்கலாம், அல்லது கேமும் டேப்பட்டும் தேயத் தொடங்கியிருக்கலாம். 4-உம் 5-உம் அருகருகே இருந்து ஒரே எக்ஸாஸ்ட் வாய் வழியாக வாயுவை வெளியேற்றுவதால் மற்றவற்றைவிடச் சூடாக ஓடும் வால்வுகள். என் வண்டியில் கருகியது அந்த 5-ஆவது வால்வுதான். இந்த இரண்டையும் மற்றவற்றைவிடப் பொறுமையாக அளக்கவும்.

திருகும் முறை

ரிங் ஸ்பேனரை லாக் நட்டில் மாட்டி, அதன் வளையத்தின் வழியாக ஸ்குரூ டிரைவரைத் திருகின் பள்ளத்தில் நிறுத்தவும். நட்டை அரைச் சுற்று தளர்த்தினால் போதும். ராக்கரின் புஷ் ராடு பக்கத்தைக் கட்டை விரலால் கீழே அழுத்திப் பிடித்தால் நடுவே உள்ள எண்ணெய் பிதுங்கி வெளியேறி, முழு இடைவெளியும் வால்வுப் பக்கம் வந்துவிடும். துடைத்த தகட்டை ராக்கர் நுனிக்கும் தண்டின் தலைக்கும் இடையே செருகித் திருகை வலஞ்சுழியாகத் திருப்பினால் இடைவெளி குறையும். தகட்டை இழுக்கும்போது, புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவிலிருந்து ஒரு தாளை உருவுவதைப் போன்ற மெல்லிய பிடிப்பு தெரிய வேண்டும். பலம் கொடுத்து இழுக்க வேண்டியிருந்தாலும், தகடு வளைந்துகொண்டு உள்ளே போனாலும் இறுக்கம் அதிகம்.

இப்போது ஸ்குரூ டிரைவரை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கவும். எத்தனை முறை செய்தவர் கையானாலும், நட்டை இறுக்கும்போது திருகும் இழையளவு கூடவே திரும்பும். ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி அளப்பது கட்டாயம். பிடிப்பு கூடியிருந்தால் தளர்த்தி, திருகை மயிரிழை பின்னுக்குத் திருப்பி, மீண்டும் இறுக்கிப் பார்க்கவும். முதல் தடவை ஒரு வால்வுக்குப் பத்து நிமிடம் ஆகலாம். இரண்டு அளவுகளுக்கு நடுவே மனம் ஊசலாடினால் ஒரு தௌ தளர்வான பக்கமே விட்டுவிடவும், எக்ஸாஸ்ட் வால்வில் இதை மறக்கவே வேண்டாம். கடைசியாகப் புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்க்கவும், தடையில்லாமல் சுழல வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் சத்தம் அடங்காத வால்வு ஒன்று உண்டு. பல்லாண்டு ஓடிய ராக்கரின் நுனியில் தண்டின் தலை அளவுக்கு ஒரு குழி விழுந்திருக்கும். தகடு அந்தக் குழியின் இரு கரைகளிலும் பாலம் போல் நின்று 15 தௌ என்று காட்டும், உண்மையான இடைவெளியோ அதைவிடக் கூடுதல். நுனியை விரலால் தடவிப் பார்த்தாலே குழி தெரியும். அதற்கு மருந்து ராக்கரை லேத்துப் பட்டறையில் கொடுத்துத் தேய்த்துச் சமப்படுத்துவது அல்லது மாற்றுவது.

மூடுவதும் ஓட்டிப் பார்ப்பதும்

மூடும் முன் இன்னும் இரண்டு சுற்று சுற்றி எட்டையும் ஒருமுறை சரிபார்க்கவும். கவரின் உட்புறத்தை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு, புதிய கார்க் பேக்கிங்கைக் கவரின் பக்கம் மட்டும் பசையால் ஒட்டி உட்கார வைக்கவும். அப்போதுதான் அடுத்த முறை கழற்றும்போது பேக்கிங் கிழியாமல் கவரோடு வரும். நட்டுகளை ரப்பர் புஷ் சற்றே நசுங்கும் வரை இறுக்கினால் போதும். பிளக்குகளைக் கையாலேயே முழு இழையும் ஏற்றிய பிறகுதான் ஸ்பேனர் போட வேண்டும்.

பிளக் ஒயர்களையும் பேட்டரியின் எர்த் ஒயரையும் மீண்டும் மாட்டி, ஸ்டார்ட் செய்து எஞ்சின் சூடாகும் வரை ஐடிலில் விடவும். சன்னமான, ஒரே சீரான டிக்டிக் சத்தம் கேட்கும், இந்த எஞ்சினுக்கு அது இயல்பு. அதை அடக்க முயல வேண்டாம். சைலன்சர் வாயில் ஒரு காகிதத்தைக் காட்டினால் சீராக வெளியே தள்ள வேண்டும். விட்டு விட்டு உள்ளே இழுத்தால் ஏதோ ஓர் எக்ஸாஸ்ட் வால்வு ஏற்கெனவே அமரவில்லை என்று சந்தேகிக்கலாம். அப்போது எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தி, கம்ப்ரஷன் கேஜில் ஒவ்வொரு சிலிண்டராகப் பார்க்கவும். ஒன்று மட்டும் குறைந்து, அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்ட பிறகும் ஏறவில்லை என்றால் குறை வால்வில் இருக்கிறது, பிஸ்டன் ரிங்கில் அல்ல. கருகிவிட்ட வால்வை எந்த டேப்பட் செட்டிங்கும் மீட்காது.

மாருதி 800 போல மேலே கேம் ஷாப்ட் உள்ள எஞ்சின்களில் ராக்கர் திருகு இருந்தாலும், மூன்று சிலிண்டருக்கு ஒன்பது கணக்கு பொருந்தாது. ஒவ்வொரு சிலிண்டரையும் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, அதன் கையேட்டு அளவில் வைக்க வேண்டும். திருகுக்குப் பதிலாக ஷிம் என்னும் அளவுத் தகடு வைத்த எஞ்சின்களுக்கு மைக்ரோமீட்டரும் பல அளவு ஷிம்களும் தேவைப்படும் என்பதால் அதைப் பட்டறைக்கே விட்டுவிடலாம். எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே ஈடுகட்டும் ஹைட்ராலிக் லிப்டர் உள்ளவற்றில் அளக்க வேண்டிய இடைவெளியே இல்லை.

செட்டிங் முடிந்த அன்றே மலைக்குப் போக வேண்டாம். ஊருக்குள் ஒரு வாரம் ஓட்டி, கவரின் ஓரத்தில் எண்ணெய்க் கசிவைத் துடைத்துப் பார்த்துக்கொண்டு, பிறகு ஒரு காலையில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றி இறக்கவும். மறுநாள் விடியற்காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, கவரைத் திறந்து 4-ஐயும் 5-ஐயும் மட்டும் அளந்து, முதல் எண்களுக்குப் பக்கத்தில் எழுதி வைக்கவும்.